ஆன்டிபயாட்டிக் இல்லாத பால் என்று சொல்லி விற்கிறேன். மடிநோய் வந்த மாட்டுக்கு இப்போது என்ன செய்வது?

கால்வாய்க்கரைப் பண்ணை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் சிறிய அளவில் கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் ஜெர்சிக் கலப்பினம். கூடவே காங்கேயம் மாடுகளும் உண்டு. பாலைச் சங்கத்துக்கு ஊற்றாமல் நகரத்தில் உள்ள வீடுகளுக்கு நேரடியாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வாங்குகிறவர்களில் பலர் சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டினர் என்பதால், மாட்டுக்கு என்ன தீவனம் போடுகிறோம், ஊசி போடுகிறோமா என்பதையெல்லாம் விசாரித்த பிறகே பால் வாங்குவார்கள். ஆகவே எங்கள் மாடுகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பதில்லை என்று அச்சிட்ட தாளிலேயே சொல்லியிருக்கிறேன்.

இப்போது, கன்று ஈன்று ஒரு மாதம்கூட ஆகாத ஒரு கலப்பின மாட்டுக்குப் பின்பக்க வலது மடி வீங்கியிருக்கிறது. தொட்டால் சூடு தெரிகிறது, பால் கறக்க உட்கார்ந்தால் காலைத் தூக்குகிறது. முதலில் பீய்ச்சும் பாலில் திப்பி திப்பியாக வருகிறது. அதன் பிறகு வரும் பால் பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. தீனி எடுக்கிறது, அசை போடுகிறது. எங்கள் ஊர்ப்பக்கம் வந்து ஊசி போடுகிற ஒருவர் (அவர் மருத்துவர் அல்லர்) செஃப்ட்ரையாக்ஸோன் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார். பக்கத்துத் தோட்டத்து அம்மா, சோற்றுக்கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசினாலே போதும் என்கிறார்.

மூலிகை வைத்தியம் மட்டும் செய்து இந்த நோயைக் குணப்படுத்த முடியுமா? அப்படி முடியாமல் போய் ஊசி போட நேர்ந்தால், நான் கொடுத்த வாக்கு என்னவாகும்? மாடு வேதனைப்படுவதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, குழந்தைகள் குடிக்கும் பாலில் மருந்து கலப்பதற்கும் மனம் ஒப்பவில்லை. அனுபவம் உள்ளவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் எழுதியது:

தம்பி, முதலில் இன்று செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மாட்டின் ஆசனவாயில் வெப்பமானியை வைத்துக் காய்ச்சல் பாருங்கள். 103 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருந்தாலோ, தீனியை விட்டாலோ, காதும் காம்பும் சில்லிட்டுப் போனாலோ, பால் நீர்த்து மஞ்சள் தண்ணீர்போல அல்லது இரத்தம் கலந்து வந்தாலோ, மடி நீலம் பாரித்தாலோ ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ உடனே அழையுங்கள். அந்த நிலையில் மூலிகையா ஊசியா என்ற விவாதத்துக்கே இடமில்லை. கிருமியின் நச்சு உடல் முழுவதும் பரவி, ஒரே இரவில் மாட்டையே இழந்துவிடும் நிலை அது.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் மாடு அந்த நிலையில் இல்லை. மடிநோயை மூன்று படிகளாகப் பிரிப்பது வழக்கம். பாலில் மட்டும் மாற்றம் இருந்தால் முதல் படி, மடியும் வீங்கினால் இரண்டாம் படி, மாடே நோயுற்றுப் போனால் மூன்றாம் படி. உங்கள் மாடு இரண்டாம் படியில் இருக்கிறது. இந்தப் படியில் எந்தக் கிருமி என்று தெரிந்துகொண்டு மருத்துவம் செய்ய அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தைத்தான் நம் ஊரில் பெரும்பாலும் வீணடிக்கிறோம்.

மடிநோயை உண்டாக்கும் கிருமிகள் எல்லாம் ஒரே இயல்புடையவை அல்ல. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்பது மாடுகளில் பெரும்பாலும் மடியிலேயே வாழும் கிருமி. பழைய பென்சிலினுக்கே நன்றாகக் கட்டுப்படும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் திசுக்களுக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும். எவ்வளவு உயர்ந்த மருந்து போட்டாலும் சில மாடுகளில் திரும்பத் திரும்ப வரும். கறப்பவர் கை வழியாக அடுத்த மாட்டுக்கும் போகும். ஈ.கோலை சாணியிலிருந்தும் ஈரத் தரையிலிருந்தும் வருவது. லேசாகத் தாக்கினால் மாட்டின் உடலே அதைப் பெரும்பாலும் வெளியேற்றிவிடும். ஆகவே முதலிரண்டு படிகளில் உள்ள மாடுகளின் பாலைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பி, ஒரு நாள் பொறுத்து முடிவைப் பார்த்து, தேவைப்படும் மாட்டுக்கு மட்டும் ஆன்டிபயாட்டிக் போடும் முறை மேலைநாட்டுப் பால் பண்ணைகள் பலவற்றில் வந்துவிட்டது. அப்படிப் பொறுத்ததால் மாடுகள் கெட்டுப் போகவில்லை. மருந்துச் செலவும் கொட்டிய பாலும்தான் குறைந்தன. உங்கள் மருத்துவரிடம் கேட்டு, காம்பின் நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் பீய்ச்சல்களை விட்டுவிட்டு, சுத்தமான சிறு புட்டியில் பாலைப் பிடித்துப் பனிக்கட்டியில் வைத்து அனுப்புங்கள். மருந்து எதையும் போடுவதற்கு முன்பாகவே பிடிக்க வேண்டும்.

ஊசி போட வருகிறவர் சொன்ன செஃப்ட்ரையாக்ஸோன் பற்றியும் சொல்ல வேண்டும். மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சலுக்கும் கடுமையான டைஃபாய்டுக்கும் மருத்துவமனையில் ஏற்றுகிற மருந்து அது. என்ன கிருமி என்று தெரியாமல், மாட்டின் எடை பார்க்காமல், ஒரு நாளோ இரண்டு நாளோ போட்டுவிட்டு நிறுத்தினால், சாகாமல் மிஞ்சுகிற கிருமிகள் அந்த மருந்தைத் தாங்கிப் பழகியவையாக இருக்கும். அவரிடம் போடாதீர்கள். வலிக்கும் வீக்கத்துக்கும் மருத்துவர் மெலாக்ஸிகாம் எழுதித் தருவார். ஆன்டிபயாட்டிக் இல்லாமலும் அதைக் கொடுக்கலாம், மாட்டின் வேதனை கணிசமாகக் குறையும். (இன்னொரு வலி மருந்தான டைக்ளோஃபெனாக் வேண்டாம். மாட்டின் சடலத்தில் எஞ்சும் அந்த மருந்தால் பாறுக்கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்ததால் 2006இலேயே கால்நடைகளுக்குத் தடை செய்துவிட்டார்கள். மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகள் உங்கள் மாவட்டத்தை ஒட்டித்தான் வாழ்கின்றன.)

இனி உங்கள் வாக்கு. 'மாட்டுக்கு ஆன்டிபயாட்டிக் போடவே மாட்டோம்' என்று சொல்வதும், 'ஆன்டிபயாட்டிக் உள்ள பாலைக் கொடுக்க மாட்டோம்' என்று சொல்வதும் வெவ்வேறு. முதலாவதை மாடு வளர்க்கிற எவரும் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் அதைக் காப்பாற்ற வேண்டுமானால் என்றாவது ஒரு நாள் நோயுற்ற மாட்டைத் தவிக்கவிட வேண்டியிருக்கும். இரண்டாவதைச் சொல்லலாம், காப்பாற்றவும் முடியும். அமெரிக்காவின் இயற்கைப் பண்ணை விதிகளில் ஆன்டிபயாட்டிக் போட்ட மாட்டின் பாலை 'இயற்கைப் பால்' என்ற முத்திரையோடு விற்க முடியாது. ஆனால் முத்திரை போய்விடுமே என்று நோயுற்ற விலங்குக்கு மருத்துவம் மறுப்பதையும் அதே விதிகள் தடை செய்கின்றன. ஐரோப்பிய விதிகளோ மருந்தை அனுமதித்துவிட்டு, பாலை ஒதுக்கி வைக்கும் காலத்தை இரட்டிப்பாக்குகின்றன.

அந்தக் காலக்கெடுவை நம் நாட்டுச் சட்டமும் சொல்கிறது. 2012இல் வந்த திருத்தத்தின்படி, உணவுக்கான கால்நடைகளுக்குரிய மருந்தின் உறையில் எத்தனை நாள் பாலை, முட்டையை, இறைச்சியைப் பயன்படுத்தக் கூடாது என்று அச்சிட வேண்டும். அது வரையறுக்கப்படாத மருந்தானால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். ஒரு காம்பில் மட்டும் ட்யூப் (காம்புத் துளை வழியே மடிக்குள் செலுத்தும் மருந்து) ஏற்றினாலும் நான்கு காம்புகளின் பாலையும் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் மருந்து இரத்தத்தில் கலந்து மற்ற மடிகளுக்கும் போகும். காய்ச்சினால் போய்விடும் என்பது பரவலான எண்ணம். பெரும்பாலான ஆன்டிபயாட்டிக்குகள் வீட்டு அடுப்புச் சூட்டில் அழிவதில்லை.

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் தஞ்சாவூர்ப் பக்கம் மாடு வைத்திருக்கிறேன். டாக்டர் ஐயா சொன்ன எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் மூலிகை மருந்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாமல் விட்டதால் நான் எழுதுகிறேன். பக்கத்துத் தோட்டத்து அம்மா சொன்னது வெறும் பாட்டி வைத்தியம் அன்று. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பல ஆண்டுகள் உழைத்து, அளவு இன்னது, முறை இன்னது என்று வரையறுத்துப் பரப்பிய மருந்து. தேசிய பால்வள வாரியமும் இதே முறையைப் பல மாநிலங்களின் பால் சங்கங்களுக்குக் கொண்டுபோயிருக்கிறது. எங்கள் பக்கத்தில் மடிநோய் தொடங்கினால் முதலில் கொல்லைக் கற்றாழையைத்தான் தேடுவோம்.

சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். கற்றாழை மடலின் இரு ஓரத்து முள்ளை மட்டும் சீவிவிட்டுத் தோலோடு துண்டு போட்டு, மூன்றையும் சேர்த்து அரைக்க வேண்டும். சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவந்து, ஆரத்தித் தண்ணீர் நிறத்துக்கு வரும். அந்த நிறம் வராவிட்டால் சுண்ணாம்பு பழையது என்று பொருள். பாலை முழுவதும் பீய்ச்சிவிட்டு, மடியைக் கழுவித் துடைத்து, விழுதில் ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீர் விட்டுக் கரைத்து, வீங்கிய பக்கம் மட்டுமல்லாமல் மடி முழுவதும் பூச வேண்டும். காலையும் மாலையும் பூசிவிட்டு நிறுத்துகிறவர்கள்தான் பலனில்லை என்கிறார்கள். நாளொன்றுக்குப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் முந்தின பூச்சைக் கழுவிவிட்டுப் பூச வேண்டும். ஐந்து நாள் தொடர வேண்டும். விழுதை அன்றன்றைக்குப் புதிதாக அரைக்க வேண்டும். இரண்டு எலுமிச்சம்பழத்தை நறுக்கித் தினமும் உள்ளுக்கும் கொடுப்போம். பாலில் இரத்தம் இருந்தால் கறிவேப்பிலையையும் வெல்லத்தையும் அரைத்துக் கொடுப்பது வழக்கம், ஆனால் அந்த நிலையில் டாக்டரையும் கூப்பிட்டுவிடுவோம்.

மூன்று எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். சுண்ணாம்பு அளவு கூடினால் காம்புத் தோல் வெந்து வெடிக்கும். வெடித்த காம்பில் கிருமி இன்னும் எளிதாக நுழையும். கடை மஞ்சள்தூளில் நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலக்கிறவர்கள் உண்டு. மஞ்சள் சந்தை உள்ள ஊரிலேயே இருக்கிறீர்கள், விரலி மஞ்சள் வாங்கி வீட்டிலேயே அரைத்துக்கொள்ளுங்கள். மருந்து பூசும் நாட்களில் அந்த மாட்டின் பாலைக் கடைசியாகக் கறந்து தனியே கொட்டுங்கள். மூலிகைதானே என்று வீடுகளுக்குக் கொடுக்காதீர்கள். திப்பி விழும் பாலில் நோய்க்கிருமி இருக்கிறது.

எங்கள் வீட்டில் இந்தப் பூச்சோடு இன்னொன்றையும் விடாமல் செய்கிறோம். கறந்து முடித்தவுடன் பசுந்தீவனத்தை அள்ளிப் போட்டுவிடுவோம். மாடு தின்றுகொண்டே அரை மணி நேரம் நிற்கும். அதற்குள் திறந்திருக்கும் காம்புத் துளை மூடிக்கொள்ளும். கறந்தவுடன் சாணித் தரையில் படுத்துவிட்டால் எந்த மருந்தும் அடுத்த நோயைத் தடுக்காது.

நுண்ணுயிரியல் மாணவி எழுதியது:

நான் ஆன்டிபயாட்டிக்குகளைத் தாங்கும் கிருமிகளைப் பற்றி ஆய்வு செய்து வருகிறேன். மேலே இருவரும் எழுதியவை ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்று நினைக்கிறேன், ஆயினும் மூலிகைப் பூச்சு பற்றிச் சான்றுகள் எந்த அளவுக்கு இருக்கின்றன என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மஞ்சளில் உள்ள குர்குமினும் கற்றாழைச் சாறும் ஆய்வகத் தட்டில் பல கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. வீக்கத்தைக் குறைக்கும் தன்மையும் உண்டு. ஆனால் தட்டில் நேரடியாகப் படுவதும், தோலின் மேல் பூசியது மடியின் உள்ளறை வரை போய்ச் சேர்வதும் ஒன்றல்ல. களத்தில் பதிவான நல்ல முடிவுகளில் பெரும்பாலானவை பூசிய மாடுகளை மட்டும் கவனித்து எழுதப்பட்டவை. பூசாத மாடுகளோடு ஒப்பிட்டுச் செய்த பெரிய ஆய்வுகள் குறைவு. ஐயா சொன்னபடி லேசான ஈ.கோலை மடிநோய் தானாகவே ஆறக்கூடியது என்பதால், ஆறிய மாடுகளில் எத்தனை பூச்சால் ஆறின என்பதை ஒப்பீடு இல்லாமல் பிரித்துச் சொல்ல இயலாது. நாளொன்றுக்குப் பத்து முறை கழுவிப் பூசுவதும் அடிக்கடி பாலைப் பீய்ச்சி வெளியேற்றுவதும் தம்மளவிலேயே மாட்டுக்கு நன்மை செய்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

இதைச் சொல்வதால் பூச வேண்டாம் என்று பொருள் கொள்ளாதீர்கள். முதலிரண்டு படிகளில் உள்ள மாட்டுக்குச் சோதனை முடிவு வரும்வரை பூசுவதில் இழப்பு எதுவும் இல்லை. அதன் மூலம் ஓர் ஊசி தவிர்க்கப்பட்டால் அதுவே பெரிய ஆதாயம். ஆனால் வீக்கம் வடிந்துவிட்டது, திப்பி நின்றுவிட்டது என்பதை மட்டும் வைத்து நோய் போய்விட்டதாக முடிவு செய்யாமல், இரண்டு மூன்று வாரம் கழித்து மீண்டும் சோதியுங்கள். அதற்குச் செலவே இல்லாத வழி இருக்கிறது: மூன்று விழுக்காடு சலவைத்தூள் கரைசலையும் பாலையும் சம அளவில் ஒரு தட்டில் ஊற்றிச் சுழற்றினால், மறைவான மடிநோய் இருக்கும் காம்பின் பால் மட்டும் கூழ்போலத் திரளும். வெளியே தெரியாமல் இருக்கும் இந்த மறைவான நோய்தான் கண்ணுக்குத் தெரிகிற நோயைவிடப் பன்மடங்கு அதிகம்.

ஓர் ஊசியைத் தவிர்ப்பதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், மாட்டுக்கும் மனிதருக்கும் நாம் வைத்திருக்கும் மருந்துகள் பெரும்பாலும் ஒன்றுதான். கோழிக்கும் மாட்டுக்கும் கொடுக்கும் என்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக், அவற்றின் உடலுக்குள் சென்றதும் ஒரு பகுதி, மனிதர்களுக்குக் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்ஸசினாகவே மாறுகிறது. கொலிஸ்டின் கதை இதைவிடக் கவலைக்குரியது. வேறு எந்த மருந்தும் வேலை செய்யாத நோயாளிக்கு மருத்துவர்கள் கடைசியாக எடுக்கும் மருந்து அது. அதையே உலகின் பல நாடுகளில் கோழிக்கும் பன்றிக்கும் தீவனத்தில் கலந்து கொடுத்து வந்தார்கள். 2015இல் சீனாவில், பன்றிகளிடமிருந்து எடுத்த ஈ.கோலையில், கொலிஸ்டினைத் தாங்கும் ஆற்றலை ஒரு கிருமியிலிருந்து இன்னொரு வகைக் கிருமிக்கே எடுத்துச் செல்லக்கூடிய எம்சிஆர்-1 என்ற மரபணு கண்டறியப்பட்டது. அதன் பிறகு பல நாடுகளில் தேடியபோது அது ஏற்கெனவே பரவியிருந்தது தெரிந்தது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கான விலங்குகளுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது.

பாலைப் பொறுத்தவரை ஒரு செய்தி மக்களைச் சென்றடைய வேண்டும். கடையில் வாங்கும் பாலெல்லாம் மருந்துப் பால் என்ற பேச்சு உண்மையன்று. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுவதும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில், ஆன்டிபயாட்டிக் வரம்பை மீறி இருந்தவை 77, அதாவது 1.2 விழுக்காடு. தீவனத்தில் படரும் பூஞ்சை நஞ்சான அஃப்ளாடாக்சின் வரம்பை மீறியவையோ 5.7 விழுக்காடு, அவற்றில் தமிழ்நாட்டு மாதிரிகளே அதிகம். வாடிக்கையாளர்களின் குழந்தைகளைப் பற்றிக் கவலைப்படும் நீங்கள், புண்ணாக்கும் மக்காச்சோளமும் ஈரமில்லாமல் இருக்கின்றனவா என்பதையும் அதே அக்கறையோடு பாருங்கள்.

பல்லடம் கோழிப்பண்ணை எழுதியது:

மாட்டைப் பற்றிய பேச்சில் கோழிக்காரன் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்க்கிறேன். குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனம் கொடுப்பது. கொட்டகையும் உழைப்பும் மட்டும் என்னுடையவை. இங்கே 'இயற்கை மாற்று' என்ற பெயரில் விற்கப்படுகிறவற்றுக்கு எல்லையே இல்லை. வேப்பிலைச் சாறு, பூண்டுச் சாறு, ஓரிகானோ எண்ணெய், புரோபயாட்டிக் (நன்மை செய்யும் நுண்ணுயிர்கள்), கரிம அமிலம் என்று முகவர்கள் வாரந்தோறும் வருகிறார்கள். சிலவற்றில் பலன் உண்டு. குடிநீரில் அமிலம் சேர்ப்பதும் புரோபயாட்டிக் கொடுப்பதும் குடலுக்கு உதவுகின்றன என்பதை என் கொட்டகையிலேயே பார்க்கிறேன். ஆனால் லிட்டர் (தரையில் பரப்பும் உமி, மரத்தூள் படுகை) நனைந்து கட்டியாகிப் போன கொட்டகையில் இவற்றில் எதுவும் வேலை செய்வதில்லை.

என்னைக் கேட்டால், ஆன்டிபயாட்டிக்குக்குச் சரியான மாற்று தடுப்பூசியும் உலர்ந்த தரையும் சுத்தமான தண்ணீரும்தான். கோழிக்கு வரும் பெரிய நோய்களில் பாதிக்கு மேல் வைரஸ் நோய்கள். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் வைரஸால் வருவது; அதற்கு எந்த ஆன்டிபயாட்டிக்கும் பயனில்லை, தடுப்பூசி மட்டுமே காக்கும். அப்படியிருந்தும் கோழி தலையைத் தொங்கப் போட்டவுடன் தண்ணீரில் மருந்தைக் கலக்கிற பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் போகவில்லை. கொட்டகையில் சில கோழிகளுக்கு நோய் என்றால் ஆயிரக்கணக்கான கோழிகளும் அந்தத் தண்ணீரைக் குடிக்கின்றன. மாடு வளர்க்கிறவர்களுக்கு ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்தனியாக முடிவெடுக்கும் வாய்ப்பு இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

நுண்ணுயிரியல் மாணவி எழுதியது:

கோழிப்பண்ணைக்காரர் சொன்னதற்கு நார்வே சால்மன் மீன் வளர்ப்பைவிட நல்ல சான்று கிடைக்காது. 1987இல் அங்கே மீன்களுக்கு ஏறத்தாழ 50 டன் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். முக்கிய நோய்களுக்குத் தடுப்பூசி வந்த பிறகு, மீன் உற்பத்தி பன்மடங்கு பெருகியும், மருந்தின் அளவு நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்காக இறங்கிவிட்டது. டென்மார்க்கில், எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கலக்கும் ஆன்டிபயாட்டிக்கை 1990களின் இறுதியில் கைவிட்டபோது, பால்குடி மறந்த பன்றிக்குட்டிகளுக்குக் கழிச்சல் சில காலம் அதிகரித்தது. பன்றிகளை வளர்க்கும் முறையை மாற்றிய பிறகுதான் நிலைமை சீரானது. அந்தக் கழிச்சலைத் தடுக்க ஐரோப்பாவில் அதிக அளவில் கொடுத்து வந்த துத்தநாக ஆக்சைடும், மண்ணில் சேர்வதாலும் தாங்கும் கிருமிகளை ஊக்குவிப்பதாலும், 2022 ஜூனிலிருந்து மருந்தாகப் பயன்படுத்தத் தடை செய்யப்பட்டுவிட்டது. மாற்று என்று வருவதையும் இப்படிச் சோதித்துத்தான் ஏற்க வேண்டியிருக்கிறது.

கால்வாய்க்கரைப் பண்ணை எழுதியது:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஊசிக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மருந்தகத்து மருத்துவர் அம்மாவை அழைத்து வந்தேன். காய்ச்சல் இல்லை. பாலைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, வலிக்கு மெலாக்ஸிகாம் போட்டு, முடிவு வரும்வரை பூச்சைத் தொடரச் சொன்னார். காவிரிக்கரைச் சகோதரி சொன்ன முறைப்படி அரைத்துப் பூசினோம். வீக்கம் வெகுவாகத் தணிந்தது. ஆனால் சோதனை முடிவில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்று வந்திருக்கிறது. இது பிற மாடுகளுக்கும் பரவும் என்பதால், வீக்கம் வடிந்தாலும் மடிக்குள் ட்யூப் ஏற்றிக் கிருமியை முழுமையாக ஒழிக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். பென்சிலின் வகை மருந்தே போதுமாம். ஏற்ற ஒப்புக்கொண்டுவிட்டேன். சலவைத்தூள் சோதனையை எல்லா மாடுகளுக்கும் செய்து பார்த்ததில், வெளியே ஒன்றுமே தெரியாத ஒரு காங்கேயம் மாட்டின் ஒரு காம்பிலும் பால் திரண்டது.

இரண்டு கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. காலக்கெடு முடிந்த பிறகு பாலில் மருந்து இல்லை என்பதை வீட்டிலேயே உறுதி செய்துகொள்ள வழி உண்டா? வாடிக்கையாளர்களுக்கு எப்படிச் சொல்வது?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் எழுதியது:

நல்ல முடிவு எடுத்திருக்கிறீர்கள். அந்தக் காங்கேயம் மாட்டின் பாலையும் சோதனைக்கு அனுப்புங்கள். அதே கிருமி என்றால் அதற்கும் மருந்து தேவைப்படும். ஒன்றை விட்டு ஒன்றுக்கு மட்டும் போட்டால், கறக்கும் கை வழியாகத் திரும்ப வந்துவிடும். கட்டைவிரலை மடக்கிக் காம்பை நசுக்கிக் கறக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிட்டு முழுக்கையால் கறக்கச் சொல்லுங்கள். நல்ல மாடுகளை முதலிலும் இவை இரண்டையும் கடைசியிலும் கறந்து, ஒவ்வொரு மாட்டுக்குப் பிறகும் கை கழுவி, காம்பை அயோடின் கரைசலில் முக்குங்கள்.

வீட்டுச் சோதனைக்கு, பாலைக் காய்ச்சி ஆறவைத்து உறை ஊற்றிப் பார்க்கலாம். மருந்து அதிகமாக இருந்தால் தயிர் சரியாக உறையாது. ஆனால் தயிர் நன்றாக உறைந்துவிட்டது என்பதனாலேயே மருந்து இல்லை என்று சொல்லிவிட முடியாது. வரம்பை மீறிய சிறிய அளவை உறை காட்டிக்கொடுக்காது. பால் பதன நிலையங்களில் நனைத்துப் பார்க்கும் பட்டைச் சோதனை உண்டு. விலை கொடுத்து வாங்கலாம். நேரடியாக விற்கிற நீங்கள் மருந்து போட்ட மாட்டைத் திரும்பச் சேர்க்கும்போதெல்லாம் அந்தப் பட்டையில் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. ஒதுக்கிய பாலைக் கன்றுக்கும் ஊட்டாதீர்கள், அதன் குடலிலும் மருந்தைத் தாங்கும் கிருமிகள்தான் வளரும்.

வாடிக்கையாளர்களுக்கு உள்ளதை உள்ளபடியே எழுதிக் கொடுங்கள். 'எங்கள் மாடுகளுக்கு நோய் வந்தால் மருத்துவரின் சீட்டுப்படி மட்டுமே ஆன்டிபயாட்டிக் கொடுப்போம். அந்த மாட்டின் பாலைக் குறித்த நாட்கள் முடிந்து, சோதித்துப் பார்க்கும்வரை விற்க மாட்டோம். நோய் வராமல் தடுக்கவோ பால் கூடவோ மருந்து கொடுப்பதில்லை' என்று இருந்தால் போதும். கூடவே எந்த மாடு, எந்தக் காம்பு, என்ன மருந்து, எந்த நாள் தொடங்கி எந்த நாள் வரை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். யார் கேட்டாலும் காட்டலாம். நெதர்லாந்தில் 2009ஐ ஒப்பிட 2019க்குள் கால்நடைகளுக்கான ஆன்டிபயாட்டிக் விற்பனை ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்ததற்கு, ஒவ்வொரு பண்ணையும் எவ்வளவு பயன்படுத்துகிறது என்பதைப் பதிவு செய்யவைத்து, அதிகம் பயன்படுத்துகிறவர்களை அவர்களுடைய மருத்துவரோடு உட்காரவைத்ததும் ஒரு முக்கியக் காரணம். அங்கே பால் வற்றவிடும்போது எல்லா மாடுகளுக்கும் வழக்கமாக ட்யூப் ஏற்றுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

உங்கள் மாட்டுக்கும் அந்தக் கேள்வி வரும். அடுத்த ஈற்றுக்கு முன் பால் வற்றவிடும்போது நான்கு காம்புகளையும் தனித்தனியே சோதியுங்கள். கிருமி மீந்திருக்கும் காம்பு இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டு நீண்டநாள் ட்யூப் ஏற்றலாம். சுத்தமாக இருந்தால் மருந்து வேண்டாம், உலர்ந்த இடத்தில் கட்டினால் போதும்.